மூலநிரலைத் திறந்து வைத்தால் மட்டும் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கட்டற்ற மென்பொருளை, அதாவது மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். தாம் எழுதிய மென்பொருளை வெளியிட நினைப்பவர், அப்படி வெளிவந்த ஒன்றை நம்பிப் பட்டறை நடத்த நினைப்பவர், படிப்பு முடிவதற்குள் ஏதாவது பங்களிக்க விரும்புபவர் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புள்ள சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: வேலூர் காந்தி ரோடு பகுதியில் இரண்டு லாட்ஜ்களுக்கு அறைப் பதிவு செய்யவும் பில் போடவும் ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைத் திறந்த மூலமாக வெளியிடலாமா என்று யோசிக்கிறேன். வேறு யாராவது எடுத்துத் தம் பெயரில் விற்றுவிட்டால் என்ன செய்வது? எந்த உரிமம் பொருத்தமாக இருக்கும்? – பொறியாளர், சத்துவாச்சாரி

பதில்: நம் நாட்டில் கணினி நிரலும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. எழுதிய உடனேயே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆகவே, உரிமக் கோப்பு எதுவும் வைக்காமல் நிரலை கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் ஏற்றிவிட்டால், எல்லாரும் பார்க்க முடியுமே தவிர, யாரும் அதைத் தம் தொழிலில் பயன்படுத்தவோ திருத்தி வெளியிடவோ முறையான அனுமதி கிடைத்ததாகாது. திறந்த மூலம் என்று சொல்வதற்கு முதல் தேவை அந்த உரிமக் கோப்புதான்.

எம்ஐடி உரிமம் சில பத்திகளில் முடிந்துவிடுவது. உங்கள் பதிப்புரிமைக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, எடுப்பவர் திருத்தலாம், விற்கலாம், திருத்தியதை மூடியும் வைத்துக்கொள்ளலாம். ஜிபிஎல் உரிமத்தின்படி, திருத்திய மென்பொருளைப் பிறருக்குக் கொடுப்பவர் அதன் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுத்தாக வேண்டும். ஆனால், ஒருவர் உங்கள் நிரலைத் தம் சர்வரில் நிறுவி, லாட்ஜ்காரர்களை பிரவுசர் வழியாக மட்டும் பயன்படுத்தவிட்டு மாத வாடகை வாங்கினால், மென்பொருளை யாருக்கும் கொடுத்ததாக ஆகாது. ஜிபிஎல் அங்கே பிடிக்காது. அந்த இடைவெளியை அடைப்பதற்காகவே 2007இல் ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது. உங்கள் கவலைக்குப் பொருத்தமானது அதுதான். ஆனால் விற்கவே கூடாது என்று தடுக்கும் உரிமம் எதுவும் திறந்த மூல உரிமமாகாது என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

என்னைக் கேட்டால், யாரோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதைவிட, யாராலும் எடுத்து ஓட்ட முடியாமல் போய்விடும் என்பதற்கே நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும். உங்கள் மென்பொருளின் மதிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஓரிரு இரவு தங்கும் சுற்றுலாப் பயணிக்காக எழுதப்பட்ட ஹோட்டல் மென்பொருள்கள் ஏராளமாக உள்ளன. சிஎம்சி மருத்துவமனைக்கு வருபவர் அப்படித் தங்குவதில்லை. மூன்று நாள் என்று சொல்லி வந்தவர் பரிசோதனை முடிவுக்காக மூன்று வாரம் தங்குவார்; நோயாளி வார்டில் சேர்ந்ததும் உடன் வந்தவர் மட்டும் அறையில் இருப்பார்; ஊரிலிருந்து அண்ணன் வந்ததும் தம்பி கிளம்பிப் போவார்; அறை அதே, பதிவில் உள்ள ஆள் வேறு. வங்கதேசத்திலிருந்து வந்தவராக இருந்தால் அவர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அனுப்ப வேண்டும். இத்தனையையும் தெரிந்து எழுதப்பட்ட நிரல் பெரிய நிறுவனத்திடம் இருக்க வாய்ப்பில்லை. உங்களிடம் இருக்கிறது.

வரியையும் பாருங்கள். ஒரு நாள் வாடகை 1000 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 12 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு அது 5 சதவீதமானது. 12 என்ற எண்ணை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தால், விகிதம் மாறிய அன்று காலை எல்லா லாட்ஜ்களிலிருந்தும் உங்களுக்குத்தான் போன் வந்திருக்கும். எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று தனி அட்டவணையாக வைத்திருந்தால், கல்லாவில் இருப்பவரே மாற்றிக்கொள்வார். அந்தத் தேதிக்கு முன்பு வந்து பின்பு கிளம்பியவரின் கணக்கையும் பார்த்துச் செய்ய முடியும். பிறர் எடுத்துப் பயன்படுத்தத்தக்க நிரலுக்கும் ஒருவரை நம்பியே ஓடும் நிரலுக்கும் உள்ள வேறுபாடு இப்படிப்பட்ட இடங்களில்தான் தெரிகிறது.

வெளியிடுவதற்கு முன் இரண்டு வேலைகளைக் கட்டாயம் செய்யுங்கள். சோதனைக்காக வைத்த தரவுத்தளத்தில் உண்மையான விருந்தினர்களின் ஆதார் எண்ணோ பாஸ்போர்ட் எண்ணோ இருந்தால், அந்தக் கோப்பை இப்போது அழித்துவிட்டதாலேயே அது போய்விடாது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருள் தன் வரலாற்றில் பழைய நிலையை அப்படியே வைத்திருக்கும், யார் வேண்டுமானாலும் பின்னோக்கிச் சென்று எடுத்துவிடலாம். கடவுச்சொற்களுக்கும் இதுவே பொருந்தும். அப்படி ஏதாவது இருந்தால், தூய்மையான நிரலை மட்டும் எடுத்துப் புதிய களஞ்சியமாகத் தொடங்குவதே பாதுகாப்பானது. அடுத்ததாக, நிறுவும் முறையை எழுதி, உங்கள் நிரலை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் கவனியுங்கள். அவர் எங்கெல்லாம் திகைத்து நிற்கிறாரோ அங்கெல்லாம் உங்கள் ஆவணத்தில் ஒரு வரி குறைகிறது.

வருமானத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோனபோது, அது ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால்தான் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் 2003இல் அதை எடுத்து வேர்ட்பிரஸ் என்று வளர்க்க முடிந்தது. மென்பொருள் இன்றும் இலவசம். முல்லன்வெக் 2005இல் தொடங்கிய ஆட்டோமேட்டிக் நிறுவனம் அதை நடத்திக் கொடுக்கும் சேவைக்குப் பணம் வாங்குகிறது. லாட்ஜ்காரருக்கும் வேண்டியது நிரல் அல்ல; பில் பிரிண்டர் வேலை செய்ய வேண்டும், கணக்கு தினமும் வேறோரிடத்தில் நகலாக வேண்டும், கூப்பிட்டால் ஆள் வர வேண்டும். அதற்கு ஆண்டுக் கட்டணம் கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி: ஆம்பூரில் ஷூ அப்பர் (ஷூவின் மேற்பகுதி) தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் நடத்துகிறேன். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை நம்பிச் சரக்குக் கணக்கை வைக்கலாமா? பழுது வந்தால் யாரைப் போய்க் கேட்பது? – யூனிட் உரிமையாளர், ஆம்பூர்

பதில்: நீங்கள் ஏற்கெனவே நம்பிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால் அதன் அடியில் ஓடுவது லினக்ஸ். ஆகவே நம்பலாமா என்பதைவிட, எதை, எதைப் பார்த்து நம்புவது என்பதே ஆராய வேண்டியது.

2024 மார்ச் மாத இறுதியில் நடந்ததைச் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரஸ் பிராயண்ட், தம் சோதனைக் கணினியில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் செல்லும் முறை) வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அதை அலட்சியப்படுத்தாமல் தேடிக்கொண்டே போனவர், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டுக் கதவு ஒன்று பொருத்தப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அது உலகம் முழுவதும் எண்ணற்ற லினக்ஸ் சர்வர்களுக்குப் போய்ச் சேரும் வாயிலில் நின்றிருந்தது. அதைச் செய்தவர், ஜியா டான் என்ற பெயரில் இரண்டாண்டுகளுக்கும் மேலாக ஒழுங்காகப் பங்களித்து நம்பிக்கையைப் பெற்றவர். அந்த மென்பொருளைப் பல ஆண்டுகளாகத் தனி ஒருவராகச் சம்பளமின்றிப் பேணிவந்தவர், தமக்கு முடியவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார். அந்தச் சோர்வின் வழியாகத்தான் கதவு திறந்தது. நிரல் எல்லாருக்கும் தெரியும்படி இருந்ததால் குற்றம் பிடிபட்டது என்பது உண்மை; உலகமே சாய்ந்திருந்த சுவரை ஒற்றை மனிதர் தாங்கிக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை. 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோதும் இதே நிலைதான் தெரியவந்தது.

ஆகவே ஒரு மென்பொருளை எடுப்பதற்கு முன், கடைசியாகப் புதிய பதிப்பு எப்போது வந்தது, பேணுபவர்கள் எத்தனை பேர், யாராவது அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்களா, நம் பக்கத்தில் அதைத் தெரிந்த ஆள் இருக்கிறாரா, நம் கணக்கை முழுவதுமாக வெளியே எடுத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். மும்பையின் ஃபிராப்பே நிறுவனம் உருவாக்கிய ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற தொழில் நிர்வாக மென்பொருள் இந்தக் கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொல்லும். ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது, வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலைக்கான கணக்கும் அதில் உண்டு. ஆனால் உங்கள் நிலை அதற்கு மறுபக்கம். தோல் கம்பெனிக்காரருடையது, சதுர அடிக் கணக்கில் உள்ளே வரும், அப்பர் ஜோடிக் கணக்கில் சைஸ் வாரியாக வெளியே போகும், இடையில் வெட்டுக் கழிவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இதற்கேற்ப அமைத்துத் தர ஒருவர் வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கூலிதான் உங்கள் உண்மையான செலவு. ஓரிரு மாதமாவது நோட்டுப் புத்தகத்தையும் கணினியையும் சேர்த்தே ஓட்டி, இரண்டும் ஒத்துவந்த பிறகு நோட்டை மூடுங்கள்.

கேள்வி: கேம்பஸ் இன்டர்வியூவில் கிட்ஹப் பக்கத்தைக் கேட்கிறார்கள் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். திறந்த மூலத் திட்டங்களில் விரைவாகப் பங்களிப்பது எப்படி? – மூன்றாம் ஆண்டு மாணவி, காட்பாடி

பதில்: விரைவாக என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் அம்மா. 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியில், நான்கு திருத்தங்கள் அனுப்பினால் டீ ஷர்ட் கிடைக்கும் என்பதற்காக, திட்டத்தின் அறிமுகக் குறிப்பான ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லை மட்டும் சேர்த்து ஆயிரக்கணக்கானோர் அனுப்பினார்கள். சில நாட்களிலேயே விதியை மாற்றி, தாமாக விரும்பிச் சேர்ந்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிய பொய்யான வழு (பிழை) அறிக்கைகள் வந்து குவிகின்றன. கர்ல் மென்பொருளை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பர்க் இதனால் தம் குழுவின் நேரம் பாழாவதைப் பற்றிப் பலமுறை எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துத்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்த மனிதரின் மாலை நேரத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம் என்ற உணர்வு பங்களிப்பவருக்கு இருக்க வேண்டும்.

நீங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். தமிழ் தெரிந்தவர் என்பதே உங்களுக்கு ஒரு பலம். எடுத்துக்காட்டாக, தமிழில் தட்டச்சு செய்த ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக மாற்றிய பிறகு, ‘கொ’ என்ற எழுத்துள்ள சொற்களைத் தேடினால் சில நேரங்களில் கிடைப்பதில்லை. நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி விழுகின்றன. இதைத் தமிழ் சரியாக வரவில்லை என்று ஒரு வரியில் எழுதி அனுப்பினால் யாருக்கும் பயனில்லை. எந்த மென்பொருள், எத்தனையாவது பதிப்பு, எந்த எழுத்துரு, எந்த எழுத்தில் வருகிறது, எந்த எழுத்தில் வருவதில்லை, ஒரே ஒரு சொல் மட்டும் உள்ள மாதிரிக் கோப்பு, அதைத் திறந்ததும் என்னென்ன செய்தால் பிழை தெரியும் என்று படிப்படியாக எழுதுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத ஒரு ஜெர்மானியர் அதைப் பார்த்தே பிழையைத் தம் கணினியில் வரவழைத்துவிட வேண்டும். இப்படி நல்ல வழு அறிக்கை ஒன்றை எழுதியவர், அவசரமாக அனுப்பிய பத்துத் திருத்தங்களைக் காட்டுபவரைவிட மேலானவர் என்பதை நேர்காணல் செய்பவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் உடனே உணர்வார்.

லிப்ரெஓபிஸின் தமிழாக்கம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் ஊர்த் தெருக்களின் தமிழ்ப் பெயர்கள், படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் எழுத்துணரியின் தமிழ்த் திறன் ஆகியவற்றிலும் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. புதியவர்களைத் திறந்த மூலத் திட்டங்களில் ஈடுபடுத்தும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடந்துவருகிறது. அதில் சேர நினைத்தால், அறிவிப்பு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே ஒரு திட்டத்தில் பழகத் தொடங்கிவிடுங்கள். தனியாகச் செய்வது சலிப்பாக இருந்தால், சென்னையிலும் விழுப்புரத்திலும் நெடுநாளாக இயங்கிவரும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. கணியம் அறக்கட்டளையினர் தமிழிலேயே கற்றுத் தருகிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். புதியவர்கள் வருவதை விரும்புகிறவர்கள் அவர்கள்.

கேள்வி: சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். ஓய்வு நேரத்தில் எழுதிய நிரலை என் பெயரில் வெளியிடலாமா? – குடியாத்தம்

பதில்: பதிப்புரிமைச் சட்டத்தின் 17(சி) பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணியின் பகுதியாகச் செய்த படைப்புக்கு முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவரே. ஓய்வு நேரத்தில் சொந்தக் கணினியில், நிறுவனத்தின் தொழிலோடு தொடர்பில்லாமல் எழுதியது பொதுவாக உங்களுடையது. ஆனால் பணி ஒப்பந்தங்கள் பலவற்றில் இதைவிட அகலமான வாசகம் இருக்கும். முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலில் அனுமதி கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழி அனுமதி போதாது.

கேள்வி: ஆரணிப் பட்டு நெசவாளர்களையும் வாங்குபவர்களையும் நேரடியாக இணைக்கும் தளம் ஒன்றை நண்பர்கள் சேர்ந்து உருவாக்கியிருக்கிறோம். செயலி நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நெசவாளர்கள் பதிவு செய்கிறார்கள், வாங்குபவர்கள் வருவதில்லை. அதனால் நெசவாளர்களும் மறுபடி திறந்து பார்ப்பதில்லை. நிரலைத் திறந்த மூலமாக்கினால் வளருமா? – ஆரணி

பதில்: வளராது. உங்கள் முயற்சியை நான் மிகவும் மதிப்பதால்தான் இதை நேராகச் சொல்கிறேன். மூலநிரல் திறந்திருப்பதை நிரலர்கள் பார்ப்பார்கள். சேலை வாங்க வருபவர் பார்ப்பதில்லை. இரு தரப்பினரைச் சேர்த்து வைக்கும் எந்தத் தளத்திலும், மறு தரப்பு வந்து சேருவதற்கு முன்பே முதல் தரப்புக்கு ஏதாவது பயன் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பதிவு செய்தவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

நெசவாளருக்கு அப்படிப்பட்ட பயன் எது? அதைத் தெரிந்துகொள்ள, சேலை யாருடையது என்று முதலில் கேட்க வேண்டும். பட்டு நெசவில் பலர் கூலிக்கு நெய்கிறவர்கள். பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ கொடுப்பது. நெய்து முடித்த சேலை அவர்களிடமே திரும்பிப் போகும். தம்முடையதல்லாத சேலையை அவர் எப்படி உங்கள் தளத்தில் விற்பார்? அவருக்கு உடனே வேண்டியது, எந்தப் பாவு எப்போது வந்தது, எத்தனை சேலை முடிந்தது, முன்பணம் எவ்வளவு, கூலியில் பாக்கி எவ்வளவு என்ற கணக்கைத் தம் போனிலேயே வைத்துக்கொள்வதுதான். சொந்தமாக நெய்து விற்பவருக்கு வேண்டியது, இதுவரை நெய்த டிசைன்களைப் படத்தோடு சேர்த்து வைத்து, கேட்பவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு தொடுகையில் அனுப்பும் வசதி. இவை இரண்டுக்கும் வாங்குபவர் தளத்துக்கு வந்திருக்கத் தேவையில்லை. தினமும் திறந்து பார்க்கும் பழக்கம் உண்டான பிறகு, அந்தப் படங்களே உங்கள் கடையாகிவிடும்.

சரக்கின் தன்மையையும் நினைவில் கொள்ளுங்கள். கைத்தறிச் சேலை ஒவ்வொன்றும் ஒற்றைச் சரக்கு. காலையில் படம் போட்ட சேலை மாலையில் வீட்டு வாசலிலேயே விற்றுப்போனால், தளத்திலிருந்து அதை உடனே எடுக்க நெசவாளருக்கு ஒரு நொடிக்கு மேல் ஆகக் கூடாது. விற்றுப்போன சேலைக்குப் பணம் கட்டிவிட்டு ஏமாந்த ஒரு வாடிக்கையாளர், இன்னும் பத்துப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார். பட்டுதானா என்ற ஐயத்துக்கு மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் முத்திரை இருக்கிறது. முத்திரை உள்ள சேலைகளை மட்டும் முதலில் ஏற்றுங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

உள்ளே வருவதற்கான தடையைக் குறைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு விக்கிப்பீடியாவைப் பாருங்கள். அதற்கு முன் நியூபீடியா என்று ஒன்று இருந்தது. அறிஞர்கள் பல கட்டங்களில் சரிபார்த்த பிறகே கட்டுரை வெளிவரும். கட்டுரைகள் மிகச் சிலவே தேறின. யாரும் உடனே திருத்தலாம் என்ற விக்கி முறையை 2001இல் துணைக்குக் கொண்டுவந்தார்கள். அது மூலத் திட்டத்தையே மூழ்கடித்து வளர்ந்துவிட்டது. உங்கள் பதிவுப் படிவத்தில் எத்தனை கட்டங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை முதல் நாளிலேயே தேவைப்படாதவையாக இருக்கும்.

திறந்த தன்மை நிரலில் மட்டும் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016இல் வந்த யுபிஐயின் மூலநிரல் திறந்ததல்ல. ஆனால் எந்த வங்கிக் கணக்கை வைத்திருப்பவரும் எந்தச் செயலியிலிருந்தும் எந்தக் கடைக்கும் பணம் அனுப்பலாம் என்ற பொது விதிகள் இருந்ததால்தான் அது தெருவோரக் கடைவரை வந்தது. ஓஎன்டிசி வலையமைப்பு இதே எண்ணத்தை வணிகத்துக்குக் கொண்டுவரும் முயற்சி. அதில் விற்பவர் பக்கத்தில் மட்டும் நீங்கள் சேர்ந்தால், வாங்குபவருக்கான செயலியை நீங்களே உருவாக்கி விளம்பரப்படுத்த வேண்டிய சுமை குறையும். நிரலையும் பிறகு வெளியிடுங்கள். குடியாத்தத்திலோ காஞ்சிபுரத்திலோ உள்ள சங்கம் அதைத் தனக்கென்று நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்பே, நெசவாளர் விரும்பினால் தம் படங்களையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எடுத்துக்கொண்டு வெளியேறலாம் என்ற வசதியைச் செய்து வையுங்கள். வெளியேறும் வழி தெரிந்த இடத்துக்குத்தான் மனிதர்கள் தயங்காமல் வருகிறார்கள்.

கேள்வி: நிறுவனங்கள் திடீரென்று உரிமத்தை மாற்றிவிடுகின்றன. அவர்களை நம்பி நாங்கள் செய்த வேலை வீணாகாதா? – மென்பொருள் பொறியாளர், இராணிப்பேட்டை

பதில்: ஏற்கெனவே வெளிவந்த பதிப்பின் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது, புதிய பதிப்புகளுக்கு மட்டுமே மாற்ற முடியும். அந்தப் பழைய பதிப்பிலிருந்துதான் பிறர் எடுத்துத் தனியாக வளர்க்கும் கிளைகள் பிறக்கின்றன. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் 2021இல் உரிமத்தை மாற்றியதும் ஓப்பன்சர்ச் வந்தது. 2023இல் டெராபார்ம் மாறியதும் ஓப்பன்டோபு வந்தது. 2024இல் ரெடிஸ் மாறியதும் வால்கீ வந்தது. எலாஸ்டிக் 2024இலும் ரெடிஸ் 2025இலும் ஏஜிபிஎல் உரிமத்தையும் சேர்த்துக்கொண்டு திறந்த மூலத்துக்குத் திரும்பின என்பது, பயனர்களின் கோபத்துக்கு வலிமை உண்டு என்று காட்டுகிறது. இதற்கெல்லாம் முன்னோடிகளும் உண்டு. ஆரக்கிள் நிறுவனம் வாங்கியதை ஒட்டி மைஎஸ்க்யூஎல்லிலிருந்து மரியாடிபியும், ஓப்பன்ஓபிஸிலிருந்து லிப்ரெஓபிஸும் பிரிந்தன.

நீங்கள் முன்கூட்டியே பார்க்க வேண்டியது, பதிப்புரிமை யார் கையில் குவிந்திருக்கிறது, உரிமம் எவ்வளவு தாராளமானது என்பதைத்தான். பங்களிப்பவர்கள் அனைவரிடமும் உரிமையை எழுதி வாங்கிக்கொள்ளும் நிறுவனம் நாளை மாற்றலாம். பிஎஸ்டி போன்ற தாராள உரிமத்தில் உள்ளதையும் மூடுவது எளிது. லினக்ஸ் கருவின் பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடப்பதால், அதைத் தொடங்கிய லைனஸ் டோர்வால்ட்ஸே நினைத்தாலும் மூட முடியாது. புதிய வேலைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் பல நிறுவனங்கள் சேர்ந்து பேணும் மென்பொருளுக்கு நான் முன்னுரிமை கொடுப்பேன்.

கேள்வி: தமிழ்த் தட்டச்சுக்கான ஒரு சிறிய மென்பொருளை வெளியிட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. பயன்படுத்துபவர்கள் பெருகிவிட்டார்கள். இரவு பதினொரு மணிக்கும் ஏன் இன்னும் சரி செய்யவில்லை என்று கேட்டு எழுதுகிறார்கள். வேலை, குடும்பம், குழந்தைக்கு நடுவே இதைத் தொடர முடியவில்லை. நிறுத்திவிடுவது தவறா? – திருப்பத்தூர்

பதில்: தவறே இல்லை. திறந்த மூல உரிமங்கள் பெரும்பாலானவற்றில், எந்த உத்தரவாதமும் இல்லை என்ற பத்தி பெரிய எழுத்தில் இருக்கிறது. அது உங்களைக் காப்பதற்காகவே எழுதப்பட்டது. இத்தனை ஆண்டுகள் நீங்கள் கொடுத்ததற்கு அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள், நானும் சொல்கிறேன்.

ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். பொறுப்பைக் கைமாற்றுவதில் அவமானம் எதுவும் கிடையாது. டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட் மென்பொருளை எழுதத் தொடங்கி, சில மாதங்களிலேயே, அதே ஆண்டு ஜூலையில், ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்துவிட்டார். அதன் பிறகு அது வளர்ந்ததெல்லாம் ஹமானோவின் பொறுப்பில்தான். அவர் அதற்கு முன்பே நல்ல திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருந்தவர் என்பதைக் கவனியுங்கள். உங்கள் களஞ்சியத்திலும் பழைய பங்களிப்புகளைப் புரட்டிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வந்து, கேட்ட திருத்தங்களைப் பொறுமையாகச் செய்து கொடுத்தவர் ஒருவராவது இருப்பார். அவருக்கு நீங்களே எழுதுங்கள். முதலில் வழு அறிக்கைகளைப் பார்க்கும் அனுமதியையும், சில மாதம் கழித்துத் திருத்தங்களைச் சேர்க்கும் அனுமதியையும் கொடுங்கள். புதிய பதிப்பை வெளியிடும் சாவியை, எக்ஸ்இசட் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு, கடைசியாகக் கொடுங்கள். அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

யாரும் கிடைக்காவிட்டால் களஞ்சியத்தைக் காப்பகமாக மாற்றிவிடுங்கள். நிரல் அங்கேயே இருக்கும், வேண்டியவர் கிளை பிரித்துக்கொள்வார். அதுவரை ரீட்மீயின் முதல் வரியில், மாதம் ஒரு ஞாயிறு மட்டுமே கடிதங்களைப் பார்ப்பேன் என்று தேதி போட்டு எழுதி வைத்துவிட்டு, போனில் அந்த அறிவிப்புகளை இன்றே நிறுத்திவிடுங்கள்.